எண் போடாத வரைபடம்

என் பெயர் அனந்தபத்மநாபன். மாணவர்களுக்கு அனந்து சார். முதுகுக்குப் பின்னால் என்ன பெயர் என்று நான் விசாரித்ததில்லை. பெங்களூரு எல்லையில் ஒரு பொறியியல் கல்லூரியில் பதினொரு வருடமாக ஒப்பந்தத்தில் கணிதம் நடத்திவந்தேன். இத்தனை வருடத்தில் சாக்பீஸைத் தவிர வேறெதையும் கையால் தொட்டதில்லை. வீட்டில் ஆணி அடிக்க வேண்டுமென்றால்கூட என் மனைவி வீணாதான் சுத்தியலை எடுப்பாள். ஏட்டுச் சுரைக்காய்க்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டியதில்லை என்பாள்.

அப்படிப்பட்டவனிடம் போய், இனிமேல் கணக்கையும் செய்முறையாக நடத்த வேண்டும் என்றார்கள். துறைத் தலைவர் நிருபமா மேடம் தெளிவாகவே சொல்லிவிட்டார். பார்வையிட வரும் குழுவுக்குக் காட்ட உருப்படியாக ஒரு செய்முறை இல்லையென்றால் எனக்கு வகுப்பு கிடையாது; அட்மிஷன் மேஜையில் உட்கார்ந்து பெற்றோருக்குப் போன் போட வேண்டியதுதான். நடத்துவதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. பயந்துபோனேன்.

யோசனை சொன்னது மகா. ஜீவனஹள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற முதலாண்டுப் பெண். கல்லூரி வாசலில் பையன்கள் பைக்கில் பறக்கிறார்கள், ஒரு வேகத்தடை போடலாம், அதன் வளைவை நாங்களே கணக்கிடுகிறோம் என்றாள். தூங்குகிற வகுப்பு அன்று தூங்கவில்லை. அகலம் இரண்டு மீட்டர், நடுவில் உயரம் பத்து சென்டிமீட்டர், இரு ஓரமும் சாலையோடு மெல்லச் சேரும்படி ஒரு கொசைன் வளைவு. எவ்வளவு கான்கிரீட் ஆகும் என்பதைக்கூடத் தொகையீடு போட்டுச் சொல்லிவிட்டார்கள்.

வளைவைக் கணினியில் வரைந்து அச்செடுத்தது மட்டும் நான். தாள் நிறையட்டும் என்று மென்பொருள் உயரத்தை இழுத்துக் காட்டியிருந்தது. அகலத்துக்கு ஓர் அளவு, உயரத்துக்கு வேறோர் அளவு என்பது எங்களுக்குப் பழக்கம்தான், கவனிக்கக்கூட மாட்டோம். அச்சுகளில் எண்ணும் போடவில்லை. கணக்கு வாத்தியார்களுக்கு எண் என்றால் கொஞ்சம் இளக்காரம். எக்ஸ், ஒய் என்று எழுதினால் போதும்.

கல்லூரியின் சில்லறைக் கட்டட வேலையெல்லாம் ஸ்ரீராம்புரத்து முனியப்பன் மேஸ்திரிதான். சனிக்கிழமை காலை அவரிடம் தாளை நீட்டினேன். அகலம் இரண்டு மீட்டர், மற்றதெல்லாம் படத்தில் இருக்கிறபடி, மயிரிழை மாறக்கூடாது என்றேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒசரம் ஜாஸ்தியா தெரியுதே சார். வண்டி ஏறுமா?"

"உங்க கண்ணளவெல்லாம் வேணாம் மேஸ்திரி. இதுல கணக்கு இருக்கு."

மாலையில் போன் செய்தார். சிமென்ட், ஜல்லி எல்லாம் மாணவர்கள் கணக்கிட்டதைப்போல் நாலு மடங்கு இழுக்கிறதாம். தொகையீடு பொய் சொல்லாது, நீங்கள்தான் சரக்கை எங்கேயோ ஒதுக்கிவிட்டீர்கள் என்று வாய் கூசாமல் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார். இடித்த கட்டடத்துக் கல்லைப் போட்டு நிரப்பி, மேலே பூசி முடித்திருக்கிறார்.

திங்கட்கிழமை நான் வருவதற்குள் குழுவின் கார் வந்துவிட்டது. முன்சக்கரம் மேட்டைத் தாண்டி அந்தரத்தில் சுற்ற, வயிறு மாட்டிக்கொண்டு நின்றது. பெரிய மனிதர்கள் மூவர் இறங்கி, வேட்டி நனையாமல் வாய்க்கால் தாண்டுகிறவர்களைப் போலக் காலைத் தூக்கி வைத்து இந்தப் பக்கம் வந்தார்கள். மகா டேப்பை வைத்து அளந்தாள். நாற்பது சென்டிமீட்டர்.

முனியப்பன் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தார்.

"பேப்பர்ல அகலம் இருவது சென்டிமீட்டர், ஒசரம் நாலு. ரெண்டு மீட்டர்னா பத்து மடங்கு. நான் எங்க சார் தப்பு பண்ணேன்?"

எங்கேயும் இல்லை. அந்த இடத்தில் ஒழுங்காகக் கணக்குப் போட்டவர் அவர் ஒருவர்தான்.

அதற்குள் நிருபமா மேடம் குழுவிடம், மாணவர்களின் கணக்கு சரி, மேஸ்திரிதான் சொதப்பிவிட்டார், ஆளை மாற்றிவிடுகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினால் போதும், என் வகுப்பு எனக்கு. முனியப்பனும் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்கிறேன், தலை பாதி ஆடிவிட்டது. வெட்கக்கேடு.

"தப்பு என்னோடது மேடம்," என்றேன். "படத்துல அளவு எழுதாம குடுத்தேன். அவர் கேட்டார், நான்தான் கேக்கல."

மத்தியானமே என்னை அட்மிஷன் மேஜைக்கு மாற்றி உத்தரவு வந்தது.

முனியப்பன் மேட்டை இடித்துத் தள்ளினார். புதிதாகத் தொடங்குமுன் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"இந்த வாட்டி நம்பர எழுதிக் குடுங்க சார்."

பத்து என்று எழுதினேன்.

"பத்துன்னா? இஞ்சா, அடியா?"

சென்டிமீட்டர் என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். ஒதுக்கிவிட்டீர்கள் என்று சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். அதையும் எழுதிக் கேட்பாரோ என்று பயந்தேன், கேட்கவில்லை.

போன வாரம் மகாவின் வகுப்பு அந்த மேட்டில் நூல் பிடித்துச் சரிவை அளந்துகொண்டிருந்தது. நடத்தியது வேறொருவர். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது பொறாமையாக இருந்தது. வேலை என்னவோ கச்சிதம். தினமும் என் ஸ்கூட்டர் அலுங்காமல் அதில் ஏறி இறங்கி, நேராக அட்மிஷன் மேஜைக்குப் போகிறது.