எதிரே வருகிறவனுக்கும் கண் உண்டு

ராஜபாளையத்தில் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். என் வீட்டுக்காரர் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் அவருடைய ஒரு கண்ணை முழுதாகவும் இன்னொன்றைப் பாதியாகவும் எடுத்துக்கொண்ட பிறகு, எங்கள் காரின் ஸ்டியரிங் என் கைக்கு வந்தது. காலையில் அவரையும் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போவேன், பொழுது சாயும்போது திரும்புவோம். வீட்டில் தனியாக விட்டால் டிவியோடு சண்டை போடுகிறார் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. காரில் வந்தால் ரோட்டோடு சண்டை போடுவார். அந்தச் சண்டையில் நானும் சேர்ந்துகொள்வேன்.

சண்டை கடை வாசலிலேயே தொடங்கிவிடும். காரை நிறுத்துவது பெரிய காரியமில்லை, எடுப்பதுதான் பாடு. முன்னால் ஒரு பைக், பின்னால் ஒரு பைக், இரண்டும் பூட்டியிருக்கும். ஆள் யார் என்று ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கிக் கேட்டால், செருப்புக் கடையிலிருந்து ஒருவர் பெட்டியும் கையுமாக ஆடி அசைந்து வருவார். "செத்த நேரந்தாம்க்கா நிப்பாட்டுனேன்" என்பார். அவருடைய செத்த நேரத்தில் நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்து முடித்திருப்பேன்.

ஊரைத் தாண்டினால் வெளிச்சம். தெருவிளக்கு வெளிச்சத்தைச் சொல்லவில்லை. எதிரே வருகிறவர்கள் கண்ணில் அடிக்கிற வெளிச்சத்தைச் சொல்கிறேன். அந்தக் காலத்துப் பஸ்களில் விளக்கைத் தாழ்த்துகிற சுவிட்ச் இடது காலடியில் இருந்ததாம். என் வீட்டுக்காரர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாலும், எதிரே வண்டி வந்ததும் இடது காலால் தரையை ஒரு மிதி மிதிப்பார். அப்படிப் பழகிய கால். இன்றைக்கு விரல் நுனியில் இருக்கிற சுவிட்சைத் தட்ட ஜனங்களுக்கு மனசு வரவில்லை.

ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம். மம்சாபுரத்துக்கு ரோடு பிரிகிற விலக்கை நெருங்கிக்கொண்டிருந்தோம். எதிரே ஒரு கார், வெள்ளையும் நீலமுமாக நெருப்பைக் கக்கிக்கொண்டு வந்தது. விளக்கைத் தாழ்த்தி ஏற்றிக் காட்டினேன். கேட்கவில்லை. மறுபடி காட்டினேன். ஈர ரோட்டில் அந்த வெளிச்சம் பட்டுத் தெறித்து, ரோடும் இல்லை, ஓரமும் இல்லை, எல்லாம் வெள்ளை. என் வீட்டுக்காரருக்கு அந்த வெளிச்சம் ஊசி மாதிரி குத்தும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நான் வேகத்தைக் குறைத்தேன். அந்தக் கார் என்னைத் தாண்டிய நொடியில்தான், முன்னால் வட்ட வட்டமாக என்னவோ தெரிந்தது.

சவுக்குக் கம்பின் வெட்டுவாய்கள். சாரம் கட்டுகிற கம்புகளை ஏற்றிய ஒரு டிராக்டர் டிரெய்லர், முக்கால்வாசி தார் ரோட்டில் நின்றிருந்தது. பின்னால் விளக்கு இல்லை. கம்புகள் டிரெய்லரை விட்டு ஓர் ஆள் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பிரேக்கை மிதித்தேன். சக்கரம் வழுக்கியது. இடது பக்கத்துச் சைடு கண்ணாடி பிய்ந்து விழுந்த சத்தம் கேட்டது, பிறகு முன் கண்ணாடியில் டொப்பென்று ஓர் அடி.

கார் நின்றுவிட்டது. ஒரு கம்பின் நுனி, சரியாக அவர் முகத்துக்கு நேரே கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை போல விரிசல். அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"என்னட்டி, ஏன் நிப்பாட்டிட்ட?" என்றார்.

அவர் கையைப் பிடித்து என் பக்கமாக இழுத்தேன்.

பக்கத்தில்தான் டீக்கடை. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். டிராக்டர்காரர் கையில் கிளாஸோடு வந்தார்.

"ஓரமாத்தாம்க்கா நிப்பாட்டிருக்கேன்."

"எதுய்யா ஓரம்? முக்கா வண்டி ரோட்ல நிக்கி!"

"மழைல மண்ணு எளகிக் கெடக்கு. எறக்குனா சக்கரம் பதிஞ்சிரும்."

"பின்னால ஒரு செவப்புத் துணியாவது கட்டக் கூடாதா?"

"பகல்லயே வத்திராயிருப்பு போயிருவோம்னு நெனச்சேன். இருட்டிரும்னு யாரு கண்டா?"

ஏதோ இருட்டு அன்றைக்குத்தான் முதல்முதலாக வந்த மாதிரி.

அதைவிட எரிச்சல், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரிய மனிதர் என்னைத் தாண்டிப்போய் என் வீட்டுக்காரரிடம் நியாயம் பேசியது. "பொழுது சாஞ்ச பொறவு பொம்பளையாளுகிட்ட வண்டியக் குடுக்கலாமா, அண்ணாச்சி? நீங்க ஓட்டக் கூடாதா?"

அவர் மெதுவாகக் காரை விட்டு இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எனக்குக் கண்ணு தெரியாதுய்யா" என்றார். "அவளுக்கு நல்லாத் தெரியும். எதுத்தாப்புல வந்தவன் அதையும் அவிச்சுட்டுப் போயிட்டான். அவன விட்டுட்டு அவளக் கேக்கிய?"

வெள்ளைச் சட்டை டீக்கடைக்குள் போய்விட்டது.

அந்த எதிர்க்காரின் நம்பரை யாராவது பார்த்தீர்களா என்று கேட்டேன். எப்படிப் பார்ப்பார்கள்? அவ்வளவு வெளிச்சத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போகிறவனுக்கு நம்பர் ஏது, முகம் ஏது?

டிரெய்லரை இப்போதே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் நகர மாட்டேன் என்றேன். எடுக்க வேண்டுமென்றால் டீக்கடைப் பக்கத்துச் சிமெண்டுத் தரைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே பைக்குகள் நின்றன. ஒவ்வொரு பைக்காரரும் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அதுவரை பின்னால் வருகிறவன் எங்கள் மேல் வந்து மோதுவானே! நான் காரின் நான்கு விளக்குகளையும் மினுக்க விட்டுவிட்டு, கைப்பேசி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றேன். பின்னால் வருகிறவர்களை விலகச் சொன்னேன். எதிரே வருகிறவர்களுக்குக் கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினேன்.

ஒரு லாரி தாழ்த்தியது. ஒரு பஸ் தாழ்த்தியது. "பஸ்காரன் தாழ்த்துனாம்லா?" என்று என் வீட்டுக்காரர் இருந்த இடத்திலிருந்தே கேட்டார். அந்த நேரத்திலும் அவருக்கு அது பெருமை.

ஒரு கார் தாழ்த்தாமல் வந்து என் பக்கத்தில் நின்றது. ஓட்டியவருக்கு என் வயதிருக்கும். பக்கத்தில் மனைவி, பின்னால் பிள்ளைகள். எல்லோர் நெற்றியிலும் கோயிலுக்குப் போய் வந்த குங்குமம்.

"என்ன மேடம், செக்கிங்கா?"

"லைட்டத் தாழ்த்துங்க சார்."

"எரியுதே மேடம்."

"எரியுது. அதத்தான் சொல்லுதேன். கீழ எறக்குங்க."

அவர் என்னையும் ஸ்டியரிங்கையும் மாறி மாறிப் பார்த்தார். எந்த சுவிட்ச் என்றே அவருக்குத் தெரியவில்லை. ஜன்னல் வழியாகக் கையை விட்டு நானே அந்தக் குச்சியைத் தட்டினேன். அவர் முன்னால் மீட்டருக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த நீலப் பொட்டு அணைந்தது.

"இதுவா?" என்றார். "வாங்குனதுலேர்ந்து எரியுதே! எஞ்சின் நல்லாருந்தா எரியும்னுல்லா நெனச்சேன்."

"எதுத்தாப்புல வாரவன்லாம் திட்டிக்கிட்டே போறாம்னு நான் எம்புட்டுத் தடவ சொன்னேன்" என்றார் அவர் மனைவி.

சிரித்துவிடலாம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைக் குருடாக்கிப் போனவனை இவ்வளவு நேரமும் ஒரு முரடனாக நினைத்து வைதுகொண்டிருந்தேன். அவனும் இப்படி ஓர் அப்பாவியாக, குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிறவனாக இருந்திருக்கலாம். இருந்தால் என்ன? தெரியாமல் அடித்தால் கண் கூசாதா? தெரியாமல் கொன்றால் செத்தவன் எழுந்து வருவானா? ஒரு வண்டியை வாங்கி, பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கத் தெரிந்தவருக்கு, அதில் எரிகிற விளக்கு எதற்கு என்று யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. அவர் கையில் லைசென்ஸ் இருக்கிறது. அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச தூரம் போனதும், எதிரே லாரி வந்துகொண்டிருக்கும்போதே, மறுபடி அவருடைய விளக்கு உயர்ந்தது. லாரிக்காரர் அடித்த ஹாரன் இங்கே கேட்டது.

டிரெய்லர் ஒருவழியாகச் சிமெண்டுத் தரைக்குப் போனது. விரிசல் கண்ணாடி வழியாகக் குனிந்து குனிந்து பார்த்து ஊர் வந்து சேர்ந்தேன். வீட்டு வாசலில் இறங்கியபின்தான் என் வீட்டுக்காரர், "அந்தக் கம்பு எனக்கு எம்புட்டுப் பக்கத்துல நின்னுச்சு?" என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். அன்று இரவு இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை.

காருக்குக் கண்ணாடி மாற்றிய பிறகு ஒரு நாள் இருட்டியதும், அதே விலக்கில் அதே டிரெய்லர் நின்றது. அதே போல முக்கால்வாசி ரோட்டில், இந்தத் தடவை செங்கல் ஏற்றிக்கொண்டு. விளக்கு இல்லை. நான் சத்தம் போட்டதற்கு மரியாதையாக, பின்னால் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் வாளி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இருட்டில் சிவப்பு வாளிக்கும் கறுப்பு வாளிக்கும் என்ன வித்தியாசம்?

"நிக்கானா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நிக்கான்."

"அப்ப நிப்பாட்டு."

காரை ரோட்டை விட்டு முழுதாக மண்ணில் இறக்கி நிறுத்தினேன். சக்கரம் பதிந்தால் பதியட்டும். கதவைச் சாத்திவிட்டு டீக்கடைக்குள் போனேன். டிராக்டர்காரர் என்னைப் பார்த்ததும் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார்.