வடக்குச் சுவரோரம்

கோட்டையைத் தோண்ட ஆள் எடுக்கிறார்கள் என்றதும் ஸ்தாமெனா போய்ப் பெயர் கொடுத்தாள். கூலிக்காகத்தான் என்று ஊர் நினைத்தது.

கோட்டைக்குள் கூரையிழந்து நின்ற பழைய தேவாலயத்தின் வடக்குச் சுவரோரம்தான், இளவயதில், தன் பெண்குழந்தையைப் புதைத்திருந்தாள். ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்த பிள்ளைக்குப் பாதிரியார் ஊர்க் கல்லறையில் இடம் தரவில்லை. "வெளிய சொல்லாதே" என்று சொன்ன கணவன் த்ராகுதினும் இப்போது இல்லை. பிள்ளையைத் தன் கையால் எடுத்து, கல்லறையில் அவன் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"ஏண்டி, அந்த மூலையையே கட்டிக்கிட்டு அழுவுற? ராஜா புதையலை உனக்குன்னு எழுதி வச்சிட்டுப் போனாரா?" என்று பக்கத்துக் குழியிலிருந்து க்ருனியா சீண்டினாள்.

"உன் வாயை முதல்ல தேய்ச்சுக் கழுவணும்டி" என்றாள் ஸ்தாமெனா, மண்கரண்டியை நிறுத்தாமல்.

மதியத்துக்கு மேல் ஒரு தட்டைக்கல் தட்டுப்பட்டது. அவள் வைத்த கல். கீழே சின்ன எலும்புகள். மண்ணைத் தள்ளியபோது, பக்கத்திலேயே இன்னொரு தட்டைக்கல். அதற்கப்பால் இன்னொன்று.

அகழாய்வை நடத்தும் நெபோய்ஷா இறங்கிவந்து குனிந்தார். "இது கோட்டைக் காலத்தது இல்ல, அத்தை. சுவர் இடிஞ்சு விழுந்த கல்லுக்கு மேல கிடக்கு. பின்னாடி ஊர்க்காரங்க புதைச்சது." பிறகு மற்றவர்களைப் பார்த்தார். "யாருதுன்னு தெரிஞ்சா சொல்லுங்க, குடுத்துடறேன். இல்லேன்னா பெட்டியில மியூசியத்துக்குத்தான் போகும்."

எல்லாரும் தங்கள் குழிகளுக்குள் குனிந்துகொண்டார்கள்.

"ஒண்ணு என்னோடது" என்றாள் ஸ்தாமெனா.

"எது அத்தை?"

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தலைமாட்டில் கல் வைத்தது தான் மட்டும்தான் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிக் கல்.

"தெரியலையேப்பா."

குழிக்குள் யாரோ இறங்கும் சத்தம். க்ருனியா வந்து அவளருகே மண்ணில் உட்கார்ந்தாள். அந்த வாயில் கேலி இல்லை. "எனக்கும் தெரியலடி" என்றாள்.

நெபோய்ஷா எல்லாவற்றையும் அவர்களிடமே விட்டுவிட்டார். த்ராகுதினின் பக்கத்தில் ஒரே குழியாக வெட்டினார்கள். இந்த முறை பாதிரியார் மறுக்கவில்லை. மெழுகுவத்திகள் ஏற்றியானதும், மண்ணில் ஒயின் ஊற்றும்முன் வழக்கப்படி இறந்தவர்களின் பெயர்களைக் கேட்டார்.

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெயர் வைக்குமுன் போன பிள்ளைகள்.

 பாதிரியார் பெயர் சொல்லாமலே ஒயினை ஊற்றினார்.