சிறகின் மேல் ஐம்பத்தெட்டு கிலோ

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் அந்தப் பட்டனை அழுத்தியது இந்த விரல்தான்.

அரசு விமான ஆராய்ச்சி மையத்தில் அளவீட்டுப் பிரிவில் எனக்கு வேலை. அங்கே காற்றுச் சுரங்கம் என்று ஒன்று உண்டு. பேருந்து நுழையும் அளவுக்குப் பெரிய இரும்புக் குழாய். உள்ளே விமானத்தின் மாதிரியை நிறுத்தி, ராட்சத விசிறியால் புயலடிக்க வைப்போம். மாதிரியைத் தாங்கும் தராசு, அதன் மேல் விழும் பாரத்தைக் காகிதத்தில் கோடாக வரையும். விசிறி ஊர் மின்சாரத்தையே குடித்துவிடும். அதனால் பட்டறைகள் மூடிய பிறகுதான் ஓட்டுவோம்.

அன்றைய சோதனை தேறினால், அந்த விமானத்தின் வால் பாகங்களைச் செய்யும் வேலை எங்கள் ஊர்ப் பட்டறைகளுக்கு. முந்நூறு குடும்பம் பிழைக்கும். அதில் என் வீடும் ஒன்று. கணவருக்குப் பட்டறையில் லேத் வேலை. காலையில் அறிக்கை போயாக வேண்டும்.

இரவு 8:10. ஃபிட்டர் அண்ணன் உள்ளே சரிபார்த்து, வெளியே வந்து கதவைப் பூட்டினார். விசிறி இன்னும் சுற்றவில்லை. தராசு பூஜ்யம் காட்ட வேண்டும்.

58 கிலோ காட்டியது.

"அண்ணா, உள்ள எதையாச்சும் வச்சுட்டு வந்துட்டீங்களா?"

"என்னையே வச்சிருந்தாலும் எண்பது காட்டணுமேம்மா!" என்று சிரித்தார்.

திறந்து பார்த்தோம். மாதிரி மட்டும்தான். இறக்கையைத் தொட்டேன்... வெதுவெதுப்பாக இருந்தது.

8:26. மறுபடி பூட்டினோம். மறுபடி 58.

தலைமைப் பொறியாளருக்குப் போன் செய்தேன்.

"தராசு கோளாறு. அதைக் கழிச்சுட்டு ஓட்டும்மா. ஊரே காத்துட்டு இருக்கு."

விசிறிப் பட்டனை அழுத்தினேன்.

காற்று உறுமியது.

8:31. டக்... குழாயின் உட்புறம்.

டக். டக்.

"அண்ணா..."

"போல்ட்டு சத்தம்மா." அவர் முகம் வெளுத்திருந்தது.

நிறுத்தும் பட்டன் கைக்கெட்டும் தூரம். விரல் போனது... திரும்பிவிட்டது.

8:34. முழு வேகம்.

டக்டக்டக்டக்...

நின்றது.

தராசில் அந்த 58 கிலோ காணாமல் போயிருந்தது.

சோதனை தேறியது. வேலையும் வந்தது. தெருவே சிரித்தது. எனக்கு மட்டும் தூக்கம் போயிற்று. தராசைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பழுதும் இல்லை.

அடுத்த வாரம் தூக்க மாத்திரை கேட்டு மையத்து டாக்டரம்மாவிடம் போனேன். என் ஃபைலிலிருந்து அன்றிரவு தராசு கோடு வரைந்த காகிதம் நழுவி விழுந்தது. அவரே எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு... அப்புறம் நூத்தி நாப்பது..." கோட்டின் மேல் விரல் நகர்ந்தது. "இது யாரோட இதயத்துடிப்பு?"



8:34-க்குப் பிறகு கோடு நேராக ஓடியது. அங்கே விரல் நின்றது.

"பிழைக்கலையேம்மா... பக்கத்துல யாருமே இல்லையா?"