எர்முராத் எழுதிய விருந்து

அல்மாட்டியில் எங்கள் தொலைக்காட்சி நிலையத்தின் நான்காவது மாடியில், எர்முராத்துக்கு எதிர் மேசையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அவன் எழுதுவான், நான் பிழை பார்ப்பேன். வானிலை அறிக்கைக்கு நாலு வரி எழுத வந்தவன். தொடர் எழுதிக்கொண்டிருந்தவர் கோபித்துக்கொண்டு பாதியில் போய்விட, அதை இவன் தலையில் கட்டினார்கள். இப்போது ஆயிரத்து இருநூறு பாகம் தாண்டிவிட்டான். ஊரில் பாதிப் பேரை அழ வைத்திருக்கிறான். அவன் மட்டும் எதற்கும் அசைய மாட்டான்.

அப்பேர்ப்பட்டவன் போன குளிர்காலத்தில் ஒரு தப்புச் செய்தான். விருந்துக் காட்சியில், வேகவைத்த ஆட்டுத்தலையைக் கதாநாயகன் முன்னால் வைக்கிறார்கள். அவனும் கத்தியை எடுத்து அறுத்துப் பங்கு போடுகிறான். அப்பா உயிரோடு இருக்கிறவன் எங்களில் ஆட்டுத்தலையைத் தொடமாட்டான். கதாநாயகனின் அப்பாவோ மகனோடு சண்டை போட்டுக்கொண்டு வேறு ஊரில் திடகாத்திரமாக இருந்தார். எழுதியவனும் கவனிக்கவில்லை, பிழை பார்க்கச் சம்பளம் வாங்கும் நானும் கவனிக்கவில்லை.

மறுநாள் தொலைபேசி ஓயவில்லை. பெரியவர் எப்போது செத்தார் என்று ஊரே கேட்டது. அப்பாவாக நடிக்கும் சாத்தார் நேரிலேயே வந்துவிட்டார்.

"ஏம்ப்பா, என்னைக் கொன்னுட்டீங்கன்னு டிவியப் பாத்துதான் நான் தெரிஞ்சுக்கணுமா?" என்றார்.

சிரித்தபடிதான் கேட்டார். ஆனால் அவருக்கு இருந்தது அந்த ஒரு வேஷம்தான்.

தயாரிப்பாளர் அம்மா சட்டென்று வழி சொன்னார். பெரியவரைச் சாகடித்துவிட்டால் தப்பு தப்பாகவே தெரியாது. வியாழக்கிழமைக்குள் சாவுக் காட்சி வேண்டும், இல்லையென்றால் அதைவிட நல்லதாக ஒன்று வேண்டும்.

எர்முராத் இரண்டு நாள் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு என்னிடம் சொன்னான்.

"அக்கா, எங்கப்பா சாகல. தராஸ்ங்கிற ஊர்ல இருக்காரு. எனக்கு நாலு வயசுல விட்டுட்டுப் போனாரு. செத்துட்டாருன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொன்னாங்க. நானும் அப்படியே சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. என் வீட்டு விருந்தில் எத்தனை தடவை அவன் முன்னால் ஆட்டுத்தலையை வைத்திருக்கிறேன். ஒரு தடவையாவது தட்டைத் தள்ளினானா? கை பழகிப்போய், அதையே கதையிலும் எழுதிவிட்டான்.

சாவுக் காட்சி எழுதமாட்டேன் என்றான். மகன் அப்பாவைத் தேடிப் போய், அவர் இருக்கும்போதே தலையை அறுத்ததற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி எழுதப்போகிறானாம். ஆனால் மகனை வாசலில் பார்த்ததும் அப்பா முதலில் என்ன சொல்வார் என்பது அவனுக்குத் தெரியவில்லை. அந்த ஒரு வரிக்கு இடம் விட்டுவிட்டு, ரயிலேறித் தராஸுக்குப் போனான்.

வியாழன் காலை நேராக அலுவலகத்துக்கு வந்து, விட்ட இடத்தில் எழுதினான்: "கதவச் சாத்துப்பா, குளிருது."

தயாரிப்பாளர் அம்மா இரண்டு தரம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சாத்தாருக்கு மட்டும் குறை. இவ்வளவு பெரிய காட்சிக்கு இத்துனூண்டு வசனமா என்று முனகிக்கொண்டே ஒத்திகைக்குப் போனார்.

அவர் போனதும் கேட்டேன், "உங்கப்பா நிஜமாவே அதைத்தான் சொன்னாரா?"

"அதான் சொன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலக்கா. சாத்துனேன்."

"வெளிய நின்னு சாத்துனியா, உள்ள நின்னா?"

"உள்ள நின்னுதான்" என்றான். பத்தொன்பது வருடத்தில் அவன் அழுது அன்றுதான் பார்த்தேன்.