ஆத்தா வைத்த வாள்

இதை எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்து, நினைத்ததோடு விட்டுவிட்டேன். தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவள் மனசில் இம்புட்டு வன்மமா என்று படிக்கிறவர்கள் கேட்பார்களே என்ற தயக்கம்தான். கேட்டால் கேட்கட்டும். வன்மம்தான்.

நான் எட்டாவது வரை படித்தவள். ஒத்தக்கடையில் எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்ன அம்மன் கோயில் இருக்கிறது. ஆடி வெள்ளிக்குத் தெருப் பெண்கள் ஆளுக்கொரு விளக்கோடு வரிசையாக உட்காருவோம். ஒருத்தி புத்தகத்தைப் பார்த்து வரி வரியாக வாசிக்க, மற்றவர்கள் 'போற்றி' சொல்லி, விளக்கின் காலடியில் ஒரு சிட்டிகை குங்குமம் போட வேண்டும். வாசிக்கிற வேலை என்னுடையது. கல்யாணமாகி வந்த புதிதில் பூசாரி என் கையில் கொடுத்த புத்தகம் அது. வேறு எங்கேயும் என் குரலுக்கு இடம் கிடையாது. வீட்டில்கூட டிவி சத்தத்துக்கு மேலேதான் பேச வேண்டும். அந்தப் பூசை நேரத்தில் மட்டும் நான் ஒன்று சொன்னால் தெருவே பதில் சொல்லும்.

எங்கள் பக்கத்து வாயில் பழம் பளமாகிவிடும், மழை மளையாகிவிடும். யாரும் கண்டுகொண்டதில்லை. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள் கண்டுகொண்டாள். 'வாழ வைக்கும் தாயே' என்ற வரியை நான் 'வாள வைக்கும் தாயே' என்று வாசித்ததுதான் தாமதம்.

"ஏக்கா, ஆத்தா வாளைக் கீழ வச்சுட்டாளாம்ல! யாராச்சும் எடுத்துக் குடுங்கடி, வெறுங்கையோட நிக்கிறா பாரு!"

கோயிலே சிரித்தது. பூசாரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார். அடுத்த வெள்ளி நான் போனபோது புத்தகம் அவள் மடியில் இருந்தது. பின்வரிசையில் தூணோரம் போய் உட்கார்ந்தேன்.

"நானுந்தான் பளம்ங்கிறேன். இனிக்காமலா போச்சு? விடுவியா," என்றார் வீட்டுக்காரர்.

நான் விடவில்லை. அன்றைக்கே அம்மனிடம் கேட்டேன். "தாயே, நீ வாளை வைக்கலைன்னு எனக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை அவ பக்கம் காட்டு."

மறுநாளிலிருந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் ஒரு டம்ளர் டீயும் முறுக்குமாக ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வேன். எதிர்வீட்டைப் பார்த்த ஜன்னல். சத்தம் போட்டு வாசிப்பேன். வீட்டுச் சாமிப் புத்தகம், மகளின் தமிழ்ப் பாடப் புத்தகம், பழைய வாரப் பத்திரிகையின் சமையல் குறிப்பு, எது கிடைத்தாலும். அடுப்படியில் நின்றால் 'சோழவந்தான் கொழுந்து வெற்றிலை' என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பேன். பூக்காரியிடமும் விடவில்லை.

"ரெண்டு முழம் குடும்மா."

"என்னக்கா, டிவில நியூஸ் வாசிக்கப் போறியா? மொளம்னா குடுக்க மாட்டேனா?"

"எனக்கு முழம்தான் வேணும்."

"நீ எம்புட்டு வாய வளைச்சாலும் பூ அம்புட்டுத்தான் வரும்."

போகப் போக அந்தக் காலை நேரம் எனக்குப் பிடித்துவிட்டது. முன்பெல்லாம் வேகமாக ஓட்டிவிட்டுப் போன வரிகள் மெல்ல வாசிக்கும்போது மனசுக்குள் இறங்கின. சில நாள் கண் கலங்கும், டீ ஆறிப்போகும். அந்த நிம்மதி வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்: ஒவ்வொரு ழகரத்தையும் அவள் வாசலைப் பார்த்துக் கல்லெறிகிற மாதிரியே எறிந்தேன்.

அடுத்த ஆடி வந்தது. முதல் வெள்ளி. எல்லா விளக்கும் ஏற்றியாகிவிட்டது. அவள் புத்தகத்தை விரித்தாள், பையைத் துழாவினாள், மறுபடி துழாவினாள்.

"ஐயோ, கண்ணாடிய வீட்லயே வச்சுட்டேனே!"

"ஆத்தா வாளை வச்சா, நீங்க கண்ணாடிய வச்சுட்டீங்களாக்கும்," என்றேன் பின்வரிசையிலிருந்து.

அதே பெண்கள்தான், அதே சிரிப்புத்தான். பூசாரி இந்தத் தடவை முகத்தைத் திருப்பாமலே சிரித்தார். அவள் "ஓடிப்போய் எடுத்துட்டு வாரேன்" என்று எழப் பார்த்தாள்.

"வெளக்கேத்திட்டு எந்திரிக்கக் கூடாதும்மா," என்றார் பூசாரி. பிறகு என்னைப் பார்த்தார். "நீயே வாசி."

புத்தகம் கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தது. நிதானமாக வாசித்தேன். அந்த வரி வந்ததும் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

"வாழ வைக்கும் தாயே."

"போற்றி," என்றார்கள். மேலூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதைச் சாக்காக வைத்து மறுபடி வாசித்தேன். பிறகு சாக்கே இல்லாமல் இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் அவள் தலையைக் குனிந்து போற்றி சொல்லிக் குங்குமம் போட்டாள். கடைசித் தடவை அவள் குரல் வெளியே வரவில்லை. உதடு அசைந்ததைப் பார்த்துக்கொண்டேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

இப்போது புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. ஜன்னலும் டீயும் வாசிப்பும் தொடர்கின்றன. வாசலில் பார்த்தால் அவள் சிரிப்பாள், நானும் சிரித்துவைப்பேன். அம்மன் இன்னும் வாளை வைக்கவில்லை, நானும் வைக்கச் சொல்லவில்லை.

இதை யாருக்காவது சொல்வதானால் உள்ளபடியே சொல்லுங்கள். என் வாயில் வந்த 'வாள'வைக்கூடத் திருத்தாதீர்கள். கேட்பதற்கு நன்றாக இருக்குமே என்று, கடைசியில் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டாள் என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.