சுவரோரமாகவே நடந்த டோன்யா தேயோ

தெயோடோரா மெம்ப்ரேன்யோ எங்கள் பரிசோதனை அறைக்கு வந்து சேர்ந்ததே ஒரு குளறுபடி. லாஸ் ஏஞ்சலஸில் ஆள் பிடித்து அனுப்புகிற கம்பெனிகளுக்குக் காகிதத்தை முழுசாகப் படிக்கிற வழக்கம் கிடையாது. ‘தரப் பரிசோதகர், பத்தொன்பது வருட அனுபவம்’ என்று பார்த்திருக்கிறார்கள், அனுப்பிவிட்டார்கள். எந்தத் தரம், எதைப் பரிசோதித்தார் என்றெல்லாம் யாருக்கு அக்கறை? 2006 ஜனவரி மாதம், மழை பெய்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, ஐம்பது வயது எல்சால்வடோர் அம்மாள் ஒருவர் கையில் மதியச் சாப்பாட்டோடு என் முன்னால் வந்து நின்றார்.

“சட்டையெல்லாம் எங்க இருக்கு?” என்றார்.

“எந்தச் சட்டை?”

“நான் பார்க்க வேண்டிய சட்டை.”

டவுன்டவுனில் ஒரு தையல் ஆலையில் பத்தொன்பது வருடம் தைத்து வந்த துணிகளைச் சரிபார்த்தவர் அவர். ஆலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. நாங்கள் செய்துகொண்டிருந்ததோ வீடியோ கேம். கிரேக்கப் புராணத்தை எடுத்துக்கொண்டு, அதில் உள்ள தேவர்களையும் பூதங்களையும் ஒருவர் விடாமல் வெட்டிச் சாய்க்கிற கதை. முதல் பாகம் சக்கைப்போடு போட்டதால் இரண்டாம் பாகம். நாயகன் லைக்கோன், பாதாளத்திலிருந்து திரும்பி வந்த மல்லன். இரண்டு கையிலும் வாள், வாய் திறந்தால் உறுமல், வேறு குணம் எதுவும் கிடையாது. அவனை ஆட்டிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பதுதான் எங்கள் பன்னிரண்டு பேர் வேலை. நான் அவர்களுக்குத் தலைவன், வார்த்கஸ்.

திருப்பி அனுப்பியிருக்கலாம். மழையில் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார், மனசு வரவில்லை. உட்காரவைத்தேன். பாதாள வாசலில் நிற்கிற நாயிடமே பதினோரு தடவை செத்தார். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லைக்கோன் யாரையாவது வெட்டும்போதெல்லாம் சிலுவை வேறு போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் ஒரு நோட்டை நீட்டினார். பதினாலு பிழை. மலையடிவாரத்துச் சுவரில் இரண்டு கல்லுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறது. எருமைத்தலையன் செத்து விழுந்தபின் இடது கையில் ஆறு விரல். ஆற்றின் மூன்றாம் படியில் தண்ணீர் மேல்நோக்கி ஓடுகிறது. அன்றைக்கு மற்ற பதினொரு பேரும் சேர்ந்து கண்டுபிடித்தது ஒன்பது.

முடிந்தவரை அவர் சண்டை போட மாட்டார். பூதம் வந்தால் ஒதுங்கிச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, துணியின் தையலைத் தடவிப் பார்ப்பதுபோல மூலை மூலையாகப் போவார். எங்கள் பையன்கள் ஆட்டக்காரர்கள், அவர்களுக்கு ஜெயிக்கத்தான் தெரியும். அதனால்தான் பாதிப் பிழை அவர்கள் கண்ணில் படவில்லை. ஒரு மாதத்தில் சிலுவை போடுவதும் நின்றுபோனது. “மகனே, இந்தக் கழுத்துல ரத்தம் கொஞ்சம் லேட்டா வருது, எழுதிக்க” என்று சாவகாசமாகச் சொல்லிவிட்டுச் சாப்பாட்டை எடுத்துப் பிரிப்பார். சிரித்த பையன்களே அவரை டோன்யா தேயோ என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அவருக்கு ஒரே மகன், வில்பர். பட்டாளத்தில் சேர்ந்து அப்போது ஈராக்கில் மோசுல் பக்கம் ஒரு முகாமில் இருந்தான். அங்கே பொழுதுபோக்கு, முகாமில் கிடந்த ஒரே ஒரு கேம் பெட்டியில் எங்கள் முதல் பாகம். ‘இதோட ரெண்டாம் பாகத்துல எங்கம்மா வேலை பார்க்கறாங்க’ என்று சொல்லியிருக்கிறான். கூட இருந்தவர்கள் நம்புவார்களா? ‘எங்க பாட்டிதான் ராக்கெட் விடறா’ என்று ஓட்டித் தள்ளிவிட்டார்கள். அம்மாவிடம் போனில் வருத்தப்பட்டிருக்கிறான். அவர் வாக்குக் கொடுத்துவிட்டார்: “கடைசியில பேர் வரிசை ஓடும்ல, அதுல என் பேரைக் காட்டு. அப்புறம் எவன் பேசறான்னு பாப்போம்.”

என்னிடம் இதைச் சொன்னபோது வெட்கப்பட்டார். “ஆலையில நான் பார்த்து விடற சட்டைப் பையில ஒரு துண்டுச் சீட்டு போடணும். ‘பரிசோதித்தவர்: 7.’ பத்தொன்பது வருஷமா நான் ஏழுதான். பேரு எங்கயும் வந்ததில்ல மகனே.”

பேர் வரிசைக்கு எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு, கேடுகெட்ட விதி. ஆட்டத்தை முடித்து, டிஸ்க்கை அச்சுக்கு அனுப்புகிற அன்றைக்கு யார் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்களோ அவர்கள் பேர் மட்டுந்தான் வரும். முந்தின நாள் போனவன் மூன்று வருடம் உழைத்திருந்தாலும் இல்லை. டோன்யா தேயோவின் ஒப்பந்தம் பதினோரு மாதம், நீட்டிக்க முடியாது. டிசம்பர் பதினைந்து, வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. டிஸ்க் போவது பதின்மூன்று, புதன். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

செவ்வாய் மதியம் கூப்பிட்டார். “இங்க வாயேன், மகனே. மாட்டிக்கிட்டேன்.”

கடைசிக்கு முந்தின கோயில். உள்ளே நுழைந்ததும் வெண்கல ராட்சதன் உயிர்பெற்று எழுவான், லைக்கோன் அவனோடு மோத வேண்டும். இவர் மோதவில்லை. வழக்கம்போலச் சுவரோரமாக அவன் காலுக்குப் பின்னால் புகுந்து பலிபீட அறைக்குப் போய்விட்டார். அதுவரை ஆடியதைப் பதிந்து வைக்கிற இடம் அந்தப் பலிபீடம். பதிந்தார். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. ராட்சதன் செத்தால்தான் அந்தக் கதவு திறக்கும், அவனோ வெளியே. அணைத்துவிட்டு மறுபடி போட்டாலும் அதே அறை, அதே சாத்திய கதவு. அதுவரை ஆடின பன்னிரண்டு மணி நேரமும் வீண், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

நானும் ஆடிப் பார்த்தேன். மூன்று தடவையும் மாட்டினேன். இப்படி ஒரு பிழை இருந்தால் டிஸ்க் போகாது. திருத்தி, மறுபடி முழுசாகச் சரிபார்க்க ஒன்பது நாள் ஆகும். வெள்ளிக்கிழமை தாண்டிவிடும்.

“யாருகிட்டயும் சொன்னீங்களா?” என்றேன் மெதுவாக.

“உன்கிட்டதான்.”

“அப்ப சொல்லாதீங்க. நாளைக்கு டிஸ்க் போயிடும், உங்க பேரு வந்துடும். இப்படி யாரு ஆடப் போறா, டோன்யா? அத்தனை பெரிய ராட்சதன் எழுந்து நிக்கறப்ப சண்டைய விட்டுட்டு எவன் சுவரோரமா போவான்?”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வில்பர் போவான்” என்றார். “சின்னதுல தெருவுல சண்டைன்னா என் பாவாடைக்குப் பின்னாடிதான் நிப்பான். பட்டாளத்துக்குப் போறேன்னு அவன் வந்து நின்னப்ப, விளையாடறியான்னு கேட்டேன். என் பிள்ளை சுவரோரமாத்தான் போவான் மகனே. போய் இந்த ரூம்ல மாட்டிக்குவான்.”

“மாட்டினா மறுபடி முதல்ல இருந்து ஆடட்டும். பேரு வரலன்னா அவன் முகத்துல எப்படி முழிப்பீங்க?”

“தெரியல” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பிழை அறிக்கையை எழுதி அனுப்பினார். அவர் அனுப்பி முடிக்கும்வரை தடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டே நின்றவன்தான் நான். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

தயாரிப்பு மேலாளர் டுவைட் ஹான்லி பத்து நிமிடத்தில் குதித்துக்கொண்டு வந்தார். “யாருய்யா இதைக் கண்டுபிடிச்சது? எந்த மனுஷன் இப்படி ஆடுவான்?”

“என் மகன்” என்றார் டோன்யா தேயோ. டிஸ்க் இருபத்திரண்டாம் தேதிக்குத் தள்ளிப்போனது.

வெள்ளிக்கிழமை அவருக்கு நாங்கள் கேக் வாங்கி வைத்திருந்தோம். அவர் எங்களுக்கு ஒரு பெரிய டப்பா நிறையப் புபுசா கொண்டுவந்திருந்தார், உள்ளே பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட சோள அடை. அலுவலகம் பூராவும் வந்து தின்றது. வாசலில் அடையாள அட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். “வில்பர்கிட்ட இன்னும் சொல்லல. நீ ஒண்ணும் நினைச்சுக்காத” என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறாராம்.

நேரே ஹான்லி அறைக்குப் போனேன். “டிஸ்க்கையே காப்பாத்தினவங்க பேரு இல்லையா? சாப்பாடு கொண்டு வர்றவன் பேரு இருக்கு, உங்க நாய் பேரு இருக்கு!”

“கத்தாத வார்த். நாய் இங்கயேதான் கிடக்கு. அந்தம்மா இன்னைக்குப் போயாச்சு. ஒருத்தருக்கு விட்டா, போன நாப்பது பேரும் கேப்பாங்க, சட்டப் பிரிவு என்னை உரிச்சுடும்.”

“வெட்கமா இல்ல?”

“இருக்கு” என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

செவ்வாய்க்கிழமை பேர் வரிசை என் மேஜைக்கு வந்தது. எழுத்துப் பிழை பார்ப்பதும் எங்கள் தலையில்தான். ஓவியர்கள், ஒலி சேர்த்தவர்கள், பரிசோதகர்கள், நாய். எல்லாம் முடிந்து கடைசித் திரையில், எங்கள் தொழிலில் எல்லோரும் போடுகிற ஒரு பட்டியல்: ஆட்டம் தயாரான காலத்தில் ஊழியர்களுக்குப் பிறந்த குழந்தைகள். ஏழு பேர். அதற்கு ஒப்பந்தமும் கிடையாது, சட்டப் பிரிவும் கிடையாது. பெற்றவர் வந்து சொன்னால் சேர்த்துக்கொள்வார்கள்.

பட்டியலை வைத்திருந்தவள் அலுவலக உதவியாளர் கிளெண்டா. எதிலும் சிரிக்காத ஆள்.

“ஒரு குழந்தை விட்டுப்போச்சு” என்றேன்.

“யாருக்கு?”

“டெஸ்டிங் பிரிவுக்கு.”

“பிரிவுக்கெல்லாம் குழந்தை பிறக்காது வார்த். பேரு?”

“தெயோடோரா மெம்ப்ரேன்யோ.”

கிளெண்டா தட்டச்சை நிறுத்தினாள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை அவளும் மூன்று புபுசா தின்றிருந்தாள்.

“எப்பப் பிறந்தா?”

“வெள்ளிக்கிழமை சாயங்காலம்.”

“அம்மா நல்லா இருக்காங்களா?”

“பஸ் ஏறிப் போயிட்டாங்க.”

“ஸ்பானிஷ்ல அந்த ‘ன்யோ’வுக்கு மேல ஒரு சுழி வரணும்ல?” என்று கேட்டுக்கொண்டு தட்டினாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை.

யாரிடமும் நான் மூச்சுவிடவில்லை. டோன்யாவிடமும் சொல்லவில்லை. நடுவில் எவனாவது பார்த்து வெட்டிவிட்டால்? மார்ச்சில் ஆட்டம் கடைக்கு வந்தது. ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளெண்டேலில் என் வீட்டு வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“மகனே, வில்பர் பேசினான்” என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. “ரெண்டாம் பாகம் வந்ததும், முகாம்ல பன்னெண்டு பேரு மாத்தி மாத்தி நாலு நாள் ஆடினாங்களாம். அந்தக் கோயில் இவன் முறைக்கு வந்துச்சாம். எப்படிப் போனேன்னு கேட்டேன். ராட்சதன் காலுக்குப் பின்னாடி, சுவரோரமாத்தான் போனேம்மான்னான். பார்த்தியா?”

“பார்த்தேன் டோன்யா. மாட்டலையே?”

“மாட்டல. அப்புறம் பேரு ஓடியிருக்கு. அது வராதுன்னு நான் அவன்கிட்ட சொல்லவே இல்ல, தைரியம் வரல. டெஸ்டிங் ஆளுங்க பேரெல்லாம் வந்துச்சாம், நான் இல்ல. பசங்க சிரிச்சுட்டு எழுந்து சாப்பிடப் போயிட்டாங்க. இவன் மட்டும் உட்கார்ந்துட்டே இருந்திருக்கான்.”

நான் தண்ணீர்க் குழாயை மூடினேன்.

“கடைசியில குழந்தைங்க பேரு. அதுல என் பேரு. நிறுத்திக் காட்ட முடியாதாமே? ஓடிப்போய் எல்லாரையும் இழுத்துட்டு வந்து, கடைசிச் சண்டைய மறுபடி போட்டு, பதினோரு நிமிஷம் அத்தனை பேரையும் உட்கார வெச்சுக் காட்டியிருக்கான். ஒருத்தன்கூட சிரிக்கலையாம், மகனே. ஒருத்தன் எழுந்து என் பேரைச் சத்தமாப் படிச்சானாம்.”

“ஏன் குழந்தைங்க வரிசையிலன்னு வில்பர் கேக்கலையா?”

“கேட்டான். ‘ஏம்மா பாப்பாங்களோட நிக்கறே?’ன்னான்.”

“என்ன சொன்னீங்க?”

“எனக்கு மட்டும் என்ன தெரியும்? ‘எங்க நின்னா என்னடா, நிக்கறேன்ல?’ன்னேன்.”

சொல்லிவிட்டு அழுதார். நானும்தான் அழுதேன், பாதி சோப்போடு நின்ற காரில் சாய்ந்துகொண்டு.