குடிபூரலுக்கு வந்த தீயணைப்பு வண்டி

எங்கள் புது வீட்டுக் குடிபூரலுக்கு அழைக்காமல் வந்தவர்கள் தீயணைப்புப் படையினர் மட்டுமே. மற்ற எல்லோரையும் அப்பா ஆள் ஆளாகத் தொலைபேசியில் கூப்பிட்டு, எந்த நெடுஞ்சாலையில் ஏறி எங்கே இறங்குவது என்பதுவரை விளங்கப்படுத்தியிருந்தார். விளங்கப்படுத்தத்தான் வேண்டும். மொன்றியல் தீவின் மேற்கு நுனியில் இருக்கும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் எங்கள் ஆட்களுக்கு அதுவரை ஒரு வேலையும் இருந்ததில்லை. "அதுக்கு அங்கால தண்ணிதானே, அத்தான்? ஆரோடை கதைக்கப் போறியள்?" என்று அம்மாவின் தம்பியான மாமா கேட்டே விட்டார்.

அப்பா கனடாவுக்கு வந்த புதிதில் அந்த ஊரில் ஒரு கட்டடத்தில் நிலம் துடைத்தவர். வேலை முடிந்து பஸ் வரும்வரை கால்வாய்க் கரையால் நடப்பார். தெருவின் இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள் கவிந்திருக்கும். நூறு வயது தாண்டிய வீடுகள், முகப்பில் மர விறாந்தைகள். இப்படி ஒரு வீட்டில் இருந்து பார்க்காமல் சாகமாட்டேன் என்று அப்போதே சபதம் எடுத்தாராம். அந்தச் சபதத்தைக் கேட்டுக் கேட்டே நான் வளர்ந்தேன். கடைசியில் வாங்கியும் விட்டார். யன்னலுக்குப் பூசும் நிறத்தைக்கூட நகரசபையைக் கேட்டுத்தான் மாற்றலாம் என்கிற அளவுக்குப் பழைய வீடு. ஏதோ பட்டம் கிடைத்தவர்போல அப்பா அதையும் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

அதற்கு முன்னர் நாங்கள் அதே தீவின் லாசால் பகுதியில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தோம். கட்டடத்தில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்து ஆட்கள். கறிவேப்பிலை முடிந்தால் அம்மா கீழ் மாடிக்குப் போவார், கதை முடிந்தால் பக்கத்துக் கதவைத் தட்டுவார். அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும்வரை நின்று கதைத்துவிட்டு, "ஐயோ என்ரை சோறு!" என்று ஓடி வருவார். "இஞ்சை எங்களுக்கு என்ன குறை?" என்று ஒருநாள் அப்பாவைக் கேட்டார். "ஒரு குறையும் இல்லை. மரம்தான் இல்லை" என்று அப்பா சிரித்தார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. பிறகு அம்மா பாத்திரங்களைத் துணியில் சுற்றிப் பெட்டிகளில் அடுக்கத் தொடங்கினார்.

அப்பா கோயிலுக்குப் போவது வருடத்துக்கு ஒரு தடவை, அதுவும் வாகனம் நிறுத்த இடம் கிடைத்தால். ஆனால் குடிபூரலில் பால் பொங்கி வழியவேண்டும் என்பதில் மட்டும் மனிதர் அசையமாட்டார். வழிந்தால்தான் அந்த வீடு நம்மை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தமாம். மின்சார அடுப்பில் காய்ச்சலாமே என்ற மாமாவுக்கு, "அது தேத்தண்ணி வைக்க" என்று ஒரே வரியில் பதில் கிடைத்தது. முன் கூடத்தில் பெரிய தகரத் தட்டு வைத்து, அதில் மணல் பரப்பி, மூன்று கல் அடுக்கி, விறகு மூட்டுவதென்று தீர்மானமாயிற்று. விறகுக்கு எங்கே போவது? வளவு முழுக்க மேப்பிள் சுள்ளி கிடக்கிறதே! முதல்நாள் பெய்த மழையைப் பற்றி ஒருவருக்கும் யோசனை வரவில்லை.

புகை அலாரங்களை மாமா பொறுப்பெடுத்தார். லாசாலில் மீன் பொரிக்கும் நாட்களில் தமிழ் வீடுகளில் நடக்கிற வேலைதான். கதிரையில் ஏறி, கடைப் பை ஒன்றை அலாரத்துக்கு மாட்டி, ரப்பர் வளையம் போட்டு இறுக்கிவிட வேண்டும். எல்லா அறைக்கும் போய் மாட்டிவிட்டு வந்து, "இனிச் செத்தாலும் சத்தம் போடாது, அத்தான்" என்றார்.

ஈரச் சுள்ளி எரிய மறுத்துப் புகைந்தது. எல்லோரும் இருமினோம். மாமா யன்னல்களைத் திறந்துவிட்டார். எதிர்வீட்டு மூதாட்டி அந்த நேரம் பார்த்து நாயோடு நடக்கப் புறப்பட்டிருக்கிறார். லாசாலில் என்றால் யன்னலால் புகை வந்தால் "இண்டைக்கு என்ன சமையல்?" என்று கேட்பார்கள். அவர் பாவம், தீயணைப்புப் படைக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார்.

தூரத்தில் சைரன் கேட்டது. தெருவில் யாருக்கோ ஆபத்து என்று பட்டுச் சேலைகளும் வேட்டிகளும் வேடிக்கை பார்க்க வாசலுக்கு ஓடின. நானும் ஓடினேன். பாதி வழியில் பாலின் ஞாபகம் வந்து திரும்பினேன். கூடத்தில் அம்மா மட்டும் நின்றார். சுள்ளி எப்படியோ பற்றி, பால் பானையின் கழுத்துக்கு ஏறி, விளிம்பில் வெள்ளையாகத் திரண்டு நின்றது. இன்னும் ஒரு கணம்தான். அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைத்துணிகளால் பானையைப் பிடித்துத் தூக்கி, ஆடாமல் அசையாமல் பக்கத்தில் இறக்கி வைத்தார். பால் மளமளவென்று உள்ளே அடங்கிப் போயிற்று. அதன் பிறகுதான் என்னைக் கண்டார். "தண்ணி வாளியை எடுத்துக்கொண்டு வா, பிள்ளை" என்றார். சைரன் அப்போதும் தெருமுனைக்கு வரவில்லை.

சற்று நேரத்தில் கனத்த சப்பாத்துகளோடு தீயணைப்புக்காரர்கள் உள்ளே வந்தார்கள். ஒருவர் மேலே பார்த்து, அந்தப் பைகள் எதற்கு என்று பிரெஞ்சில் கேட்டார். அங்கே பிரெஞ்சு ஒழுங்காகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "சாமி காரியம் எண்டு சொல்லு" என்று மாமா பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தார். அப்படியே சொன்னேன். அந்த மனிதர் கடைப் பையை நிமிர்ந்து வெகுநேரம் பார்த்தார்.

அவர்கள் புத்திமதி சொல்லிப் போனதும் அப்பா பானையிடம் ஓடிவந்தார்.

"பொங்கினதே?"

"இல்லை. பயத்திலை இறக்கிப்போட்டன்" என்றார் அம்மா.

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. "விடுங்கோ அத்தான், இன்னொருக்கால் காய்ச்சுவம்" என்று மாமா தேற்றிப் பார்த்தார். "முதல் பால் முதல் பால்தான்" என்று அப்பா விறாந்தைப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். அவருடைய கோபமெல்லாம் எதிர்வீட்டு மூதாட்டி மேல் திரும்பியது. பிறகு முதல் பனி கொட்டியபோது எங்கள் படிகளையும் சேர்த்து வழித்துவிட்டவர் அவர். அப்படியிருந்தும் அவர் சொன்ன 'போஞ்சூர்' வணக்கத்துக்கு அப்பா ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

எனக்கோ அம்மாவை நினைக்கப் பெருமை பிடிபடவில்லை. எல்லோரும் வேடிக்கை பார்க்க ஓடியபோது வீட்டை நெருப்பிலிருந்து காப்பாற்றியது என் அம்மாதான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். பயந்த ஆளின் கை அப்படி ஆடாமல் இருக்காது என்று யோசிக்கிற வயதில்லை.

அம்மா அந்த வீட்டில் கடைசிவரை இருந்தார். இருந்தார் என்றுதான் சொல்லலாம். இலையுதிர் காலத்தில் மேப்பிள் இலைகளைக் கூட்டிக் கூட்டிப் பைகளில் அடைப்பார். அக்கம்பக்கத்தவர் சிரித்துக்கொண்டு போவார்கள், அம்மாவும் சிரிப்பார். சனிக்கிழமைகளில் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் மாறி மாறி லாசாலுக்குப் போய், கதைத்துத் தொண்டை கட்டித் திரும்புவார். மற்ற நாட்களில் அந்தத் தொண்டைக்கு வேலையில்லை. அன்றைக்குப் பாலை ஏன் இறக்கினார் என்று இப்போது கேட்கலாம் என்றால் அம்மா இல்லை. அப்பா இன்றைக்கும், அந்தக் கிழவி மட்டும் போன் எடுக்காவிட்டால் எல்லாம் நல்லாய் நடந்திருக்கும் என்கிறார். நான் வாதாடுவதில்லை. வாதாடி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

அந்த வீட்டை முதன்முதலில் பார்க்கப் போன நாள் அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது. அப்பா எங்களை அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போனார். கடைசியில் அம்மாவைச் சமையலறையின் நடுவில் நிற்பாட்டி, "குசினி நல்ல பெரிசு, என்ன?" என்று கேட்டார். அம்மா சுற்றிவரப் பார்த்துவிட்டு, "ஓம்" என்று தலையாட்டினார். அப்பா சந்தோஷத்தில் என்னைத் தூக்கிச் சுற்றினார். நானும் கத்திச் சிரித்தேன். அம்மா ஓம் என்று சொன்னது குசினிக்கு மட்டும். அந்த ஒரு ஓமை நாங்கள் முழு வீட்டுக்குமாக எடுத்துக்கொண்டோம் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.